எழுச்சியும் இறக்கமும்: முஹம்மது அலியின் இறுதிப் போட்டிகள்

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி 2016-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வஃபாத்தானார். ஆண்டுகள் சென்றும் அவரைப் பற்றிய வாதம் மட்டும் ஓயவில்லை. கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்து இளைஞர்களிடையேயும் அது அவ்வப்போது எழுவதுண்டு. "ஹஜ்ரத், கடைசிக் காலத்தில் அவர் சோதாப் பேர்களைத் தேர்ந்தெடுத்து வென்றார் என்கிறார்களே, உண்மையா?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். "இல்லை, அவர் காலத்து எதிராளிகளைப் போல் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை" என்றார் இன்னொருவர். இருவரும் அலியை நேசிப்பவர்களே. ஆயினும் நேசம் வேறு, நீதி வேறு. எனவே இவ்வழக்கைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நம்மில் பலருக்கு அலி தொலைதூரத்து மனிதர் அல்லர். 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், தம் ஊர்க்காரரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எங்கள் பிச்சாவரத்து உப்பங்கழியில் 'இதயக்கனி' படத்துக்காகப் படகேறிய எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். அவரும் அந்த அரங்கில் இருந்தார். அன்று அலி ஓய்வு பெற்றவர். மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர். அந்த மாலையே அவருடைய விளையாட்டு வாழ்வின் நிறைவாக அமைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அவர் மீண்டும் மேடையேறினார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அலி ஆடிய தொழில்முறைப் போட்டிகள் 61. வென்றவை 56, தோற்றவை 5. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் மணிலாவில் ஜோ பிரேசியருடன் நடந்த கடும்போரை அவருடைய ஆற்றலின் எல்லைக்கல் என்பர். அதன்பின் அவர் ஆடியவை பத்துப் போட்டிகள். ஏழில் வெற்றி, மூன்றில் தோல்வி. முதல் 57 போட்டிகளில் இரண்டே தோல்விகள் கண்டவர், கடைசி நான்கு போட்டிகளில் மூன்றில் தோற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிராளிகள் எளியவர்கள் என்போரின் வாதம் இது. 1976 பிப்ரவரியில் அவர் வீழ்த்திய பெல்ஜிய நாட்டுக் கூப்மன், உலகப் பட்டத்துக்கு உரிய தகுதி உடையவரல்லர். அதே ஆண்டு மே மாதம் மியூனிக்கில் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்த ரிச்சர்ட் டன் ஐரோப்பிய சாம்பியன் என்றாலும் அலிக்கு நிகரானவரல்லர். 1977-இல் எதிர்த்த எவாஞ்சலிஸ்டா அனுபவம் குறைந்த 22 வயது இளைஞர். 1978 பிப்ரவரியில் அவரைத் தோற்கடித்துப் பட்டத்தைப் பறித்த லியோன் ஸ்பிங்க்ஸ் அதற்கு முன் ஆடிய தொழில்முறைப் போட்டிகள் ஏழே ஏழு.

மறுதரப்பின் வாதமும் வலுவற்றதன்று. 1976 ஏப்ரலில் அலியைப் பதினைந்து சுற்றுகள் திணறடித்த ஜிம்மி யங், மறு ஆண்டு ஜார்ஜ் போர்மனையே வென்றவர். 1976 செப்டம்பரில் எதிர்த்த கென் நார்டன், மூன்றாண்டுகளுக்கு முன் அலியின் தாடை எலும்பை முறித்தவர். 1977 செப்டம்பரில் எதிர்த்த எர்னி ஷேவர்ஸின் வலக்கையைப் போன்ற கனத்த கை அக்காலத்தில் வேறு எவரிடமும் இல்லை என்பர். லாரி ஹோம்ஸோ 35 போட்டிகளில் தோல்வியே காணாத உலக சாம்பியன். இவர்களைச் சோதாக்கள் என்று சொல்வது அநீதி.

ஆக, எதிராளிகளில் எளியவரும் இருந்தனர், வலியவரும் இருந்தனர். ஆனால் எதிராளி யார் என்று மட்டும் பார்ப்பவர் இவ்வழக்கின் பாதியையே பார்க்கிறார். எளியவரிடம் அலி எவ்வாறு ஆடினார் என்பதே உண்மையான அளவுகோல். ரிச்சர்ட் டன்னுக்குப் பின் அலி எவரையும் சுற்றுகள் முடியும் முன் வீழ்த்தவில்லை. வேறொரு காலத்தில் சில சுற்றுகளில் முடித்திருக்கக்கூடிய எவாஞ்சலிஸ்டாவுடன் பதினைந்து சுற்றுகளும் ஆட நேர்ந்தது. யங்குடனும் நார்டனுடனும் ஆடியவற்றில், நடுவர்கள் ஆட்டத்துக்கு மதிப்பெண் இட்டார்களா, பெயருக்கு இட்டார்களா என்று இன்றும் கேட்கிறார்கள். ஏட்டில் அவை யாவும் வெற்றி என்றே பதிவாயின. அந்தப் பதிவே அவருக்குப் பகையாயிற்று. தோல்வி மனிதனை நிறுத்தி யோசிக்க வைக்கும். தடுமாறிப் பெற்ற வெற்றியோ, 'இன்னும் முடியும்' என்று காதில் ஓதும்.

எங்கள் பகுதிப் படகோட்டிகள் இதை நன்கு அறிவர். சுரபுன்னைக் காட்டினுள் கால்வாய்கள் அமைதியானவை. தளர்ந்த கையும் அங்கே துடுப்பைத் தள்ளிவிடும். முகத்துவாரத்தில் அலை எழும்போதுதான் கையின் உண்மையான வலிமை தெரியும். கால்வாயில் ஓட்டியதைக் கொண்டு முகத்துவாரத்துக்குச் செல்லத் துணிபவரை வீட்டார் தடுப்பார்கள். அலியைத் தடுத்தவர் யார்?

இருவரைச் சொல்லலாம். ஷேவர்ஸுடன் நடந்த போட்டிக்குப் பின், அலியின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டுள்ளதைக் காட்டும் ஆய்வு முடிவுகள் அவருடைய மருத்துவர் பச்சேகோவின் கைக்கு வந்தன. அவர் அவற்றை அலிக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் அனுப்பினார். பதில் வராததால் குழுவை விட்டு விலகினார். நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கின் போட்டி அமைப்பாளர் டெடி பிரென்னர், இனி அலிக்குத் தம் அரங்கில் போட்டி இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இருவரும் அலியின் பகைவர்கள் அல்லர். உண்மை சொன்னவர்கள் வெளியே நின்றார்கள். ஆமாம் போட்டவர்கள் உள்ளே இருந்தார்கள்.

விளைவு என்ன? 1978 செப்டம்பரில் ஸ்பிங்க்ஸிடமிருந்து பட்டத்தை மீட்டு, மறு ஆண்டு ஓய்வை அறிவித்தவர், 38-ஆம் வயதில் ஹோம்ஸை எதிர்க்க முன்வந்தார். பல இலட்சம் டாலர் பேசப்பட்டது. மருத்துவப் பரிசோதனை நடந்தது. நெவாடா மாநில ஆணையம் அனுமதியும் தந்தது. எடையைக் குறைத்து, நரைத்த முடிக்குச் சாயமிட்டு, பார்வைக்கு இளைஞராகவே அவர் மேடையேறினார். 1980 அக்டோபர் 2-ஆம் நாள் லாஸ் வேகாஸில் பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். திருப்பித் தர இயலவில்லை. பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலியின் பயிற்சித் துணைவர். வென்றபின் அவர் அழுதார்.

அத்தோடும் முடியவில்லை. 1981 டிசம்பர் 11-ஆம் நாள், நாற்பதை நெருங்கிய வயதில், பஹாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்குடன் ஆடித் தோற்றார். சுற்றின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்க மாட்டின் கழுத்து மணியைப் பயன்படுத்தும் அளவுக்கு அங்கே ஏற்பாடுகள் இருந்தன. மூன்றாண்டுகள் கழித்து, 1984-இல், பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் அவரிடம் உறுதி செய்யப்பட்டன. அந்நோய்க்கு அடிகள் மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளையைச் சிதைக்கும் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை.

இவ்விடத்தில் மார்க்கத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். எதிராளியைத் தாக்கி நினைவிழக்கச் செய்வதையே வெற்றியாகக் கொள்ளும் இன்றைய குத்துச்சண்டை கூடாது என்று, மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு மன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். அலியின் மீதுள்ள அன்பால் இதை மறைப்பது, மத்ரஸாவில் பாடம் சொல்லும் எவருக்கும் தகாது. பிள்ளைகள் ஓடட்டும், நீந்தட்டும், மல்யுத்தம் பழகட்டும். முகத்தைக் குறிவைக்கும் ஆட்டம் வேண்டாம்.

அப்படியானால் அலியின் பெருமை எங்கே என்று இளைஞர்கள் கேட்பார்கள். 1967-இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தபோது பட்டமும் பிழைப்பும் பறிபோயின. உடல் உச்ச நிலையில் இருந்த மூன்றரை ஆண்டுகளை இழந்தார். அன்று அவர் எதிர்த்தது ஓர் அரசாங்கத்தை. அதைவிட வலிய எதிராளி அவருக்கு அமையவில்லை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. மேடையை விட்ட பிறகும் அவர் சிறுத்துவிடவில்லை. நோயுற்ற நிலையிலும் 1990-இல் பக்தாத் சென்று 15 அமெரிக்கப் பிணையாளிகளை மீட்டு வந்தார். 1996-இல் நடுங்கும் கையால் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். ஆகவே கூப்மனையும் டன்னையும் காட்டி அவரைக் குறைப்பதும் பிழை. ஹோம்ஸுடனான போட்டியை வீரம் என்று புகழ்வதும் பிழை.

நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்றோர் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் வருத்தமாயிற்று. உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது இறைவனின் நியதி என்னும் கருத்தில் நாயகம் அவர்களைத் தேற்றினார்கள் என்று புகாரியில் வருகிறது. முந்திய அரபியையும் அவர்கள் கடியவில்லை. அள்பாவையும் இழிவாகப் பேசவில்லை. இறக்கத்தை இறக்கமாகவே ஏற்றார்கள்.

நம் இல்லங்களிலும் இப்பாடத்துக்கு இடமுண்டு. பார்வை மங்கிய பின்னும் இரவில் வண்டி ஓட்டும் தந்தை. நெஞ்சு வலியை மறைத்துக்கொண்டு இன்னும் இரண்டாண்டு என்று வளைகுடாவுக்குத் திரும்பும் குடும்பத் தலைவர். 'அவருக்கென்ன, சிங்கம்' என்று புகழ்ந்து அவருடைய உழைப்பில் உண்ணும் நாம். போதும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதை மரியாதையோடும், காலத்தோடும், அவருடைய வருமானத்துக்கு மாற்று ஏற்பாட்டோடும் சொல்ல வேண்டும். மாற்று ஏற்பாடு இல்லாத அறிவுரை வெறும் பேச்சே. பிள்ளைகள் முதலில் தங்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டு, பிறகு வாய் திறக்கட்டும்.

முஹம்மது அலியின் பிழைகளை வல்ல அல்லாஹ் பொறுத்து, அவருடைய நற்செயல்களை ஏற்றருள்வானாக! நம் பெரியோரிடம் உண்மையை அன்போடு எடுத்துச் சொல்லும் நாவையும், நம்மிடம் பிறர் சொல்லும்போது ஏற்கும் உள்ளத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.