கழுவெளியில் மனை வாங்காதீர்கள்

பெற்றோரே, பிள்ளைக்குச் சொத்து சேர்ப்பதைக் குறை சொல்லவில்லை. எந்த மண்ணில் சேர்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். பால்கனியிலிருந்து ஏரி தெரியும் என்றால் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அந்த ஏரி முன்பு எதுவரை இருந்தது என்று கேட்க மட்டும் நமக்கு வாய் வராது.

தென்சென்னையின் பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த கழுவெளி, அதாவது சதுப்பு நிலம். மிஞ்சியிருப்பது அதில் சிறு பகுதிதான். குப்பைமேடு கொஞ்சம் தின்றது, சாலையும் அலுவலகங்களும் கொஞ்சம் தின்றன; மற்றதில் வங்கிக் கடனில் எழும்பிய வீடுகள். 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் போனது போனதுதான்.

தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். தங்க இடமில்லாத தண்ணீர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டுக்குள் வந்தது? பிள்ளைகளைப் படகில் ஏற்றி அனுப்பியது அதற்குள் மறந்துவிட்டதா?

அந்தச் சதுப்பில் வாழும் பறவைகளைப் பற்றிச் சொன்னால், “பறவைதானே, வேறெங்காவது போகட்டும்” என்கிறீர்கள். போகிற இடமும் மனையாகிவிட்டதே! சதுப்பைக் கடந்து போகும் துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டை ஒற்றைக் காலால் பற்றிக் கடித்துத் தின்னும். அதற்குச் சாப்பாடும் கூடும் அந்தக் கோரைதான். மீன்குஞ்சும் தவளையும் தட்டானும் வளர்வதும் அங்கேதான். மண்ணைக் கொட்டி மூடினால் எல்லாம் ஒன்றாகப் போகும். கொசுப் புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சுகளையும் அழித்துவிட்டு, தூங்கும் பிள்ளையின் தலைமாட்டில் கொசுவத்தி ஏற்றி வைக்கிறோம்.

பள்ளியில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று சார்ட் கேட்டால், ராத்திரி கண் விழித்து நாமே வரைந்தும் கொடுக்கிறோம். பிள்ளைகள் சார்ட்டைப் பார்த்தா கற்கிறார்கள்? நம்மைப் பார்த்துத்தான்.

மனை வாங்கும்போது பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதாது. கிராம வரைபடத்தையும், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஏரி என்றோ கழுவெளி என்றோ ஒரு சொல் காதில் விழுந்தால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். வாங்க ஆளில்லாத இடத்தில் எவரும் மனைக்கல் நட மாட்டார்கள்.