மணி அடிச்சாச்சு... எந்திரிக்கிறது யாரு?

அலெர்ட் வந்துச்சான்னு கேளுங்க, எல்லாரும் "வந்துச்சே"ம்பாங்க. யாருய்யா பார்த்தீங்கன்னு கேளுங்க, ஆளாளுக்குப் பக்கத்து சீட்டைப் பார்ப்பாங்க. நெட்வொர்க்குல ஆணி புடுங்கற மக்களுக்கு இது புதுசு இல்ல. ஆனா இதுல பலியாகறது எப்பவும் கடைசிப் படியில நிக்கிற ஒருத்தன்தான்கிறதால, இன்னிக்கு சண்டை போடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

சமாச்சாரம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.) ரூட்டர், ஸ்விட்ச் மாதிரி பொட்டிங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, கண்காணிக்கிற சர்வருக்கு அதுங்களே தகவல் சொல்லும். இதுக்கு 1988-லயே எஸ்.என்.எம்.பி.ன்னு ஒரு நெறிமுறை வந்தாச்சு. அதுல 'ட்ராப்'னு ஒண்ணு. கேபிள் அறுந்தா ஒரு தடவை கத்தும். அத்தோட அதோட கடமை முடிஞ்சுது. சேதி போய்ச் சேர்ந்துச்சா, யாராச்சும் கேட்டாங்களாங்கிற கவலையெல்லாம் அதுக்குக் கெடையாது. இந்தக் குறை புரிஞ்சுதான் அடுத்த பதிப்புல 'இன்ஃபார்ம்'னு ஒண்ணைச் சேர்த்தாங்க. ஒப்புதல் அட்டை ஒட்டி அனுப்பின தபால் மாதிரி இது. அந்தப் பக்கத்துலேர்ந்து 'கெடைச்சுது'ன்னு பதில் வரலைன்னா மறுபடியும் அனுப்பும்.

என் கட்சி இதுதான்: பொட்டிங்க திருந்திடுச்சு, ஆபீஸ்தான் இன்னும் ட்ராப் காலத்துலயே இருக்கு.

பெரம்பலூர்ப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ். பேரு வேண்டாம். கிளை ஒண்ணுல யூ.பி.எஸ். பேட்டரி சாகப் போகுதுன்னு வாரக்கணக்கா மெயில் வந்துக்கிட்டே இருந்துச்சு. போனது பதினாலு பேர் இருக்கற குரூப் ஐ.டி.க்கு. பதினாலு பேருக்குப் போற மெயில், ஒருத்தருக்கும் போகாத மெயில். பாதிப் பேர் 'அலெர்ட்'னு வந்தாலே தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட ரூல் போட்டு வச்சிருந்தாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. சி.பி.யூ. 80 சதவீதத்தைத் தொட்டா ஒரு மெயில், 79-க்கு எறங்கினா ஒரு மெயில், மறுபடி ஏறினா இன்னொரு மெயில். மனுசன் எத்தனைதான் படிப்பான்?

ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. பேட்டரி கைவிட்டுச்சு. மெயின் ஸ்விட்ச் படுத்துச்சு. அதுக்குப் பின்னால இருந்த பொட்டி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா 'டவுன்', 'டவுன்'னு மெயில் வந்து குவிய, மூல காரணம் அந்தக் கூச்சல்ல அமுங்கிப் போச்சு. மறுநாள் வேலை போனது யாருக்குன்னு நெனைக்கிறீங்க? நைட் ஷிஃப்ட் கான்ட்ராக்ட் பையனுக்கு. பேட்டரி வாங்கக் கையெழுத்துப் போடற அதிகாரம் அவனுக்குக் கெடையாது. அதிகாரியை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பற உரிமையும் அவனுக்குக் குடுக்கலை. "டேஷ்போர்டுல தெரிஞ்சுதே, பார்க்கலையா?"ன்னு ஒரே கேள்வி. முடிஞ்சது கதை.

இந்த எடத்துல அரியலூரைப் பத்திப் பேசியே ஆகணும். 1956 நவம்பர் 23, விடியறதுக்கு முன்னாடி. மழை வெள்ளம் மருதையாத்துப் பாலத்துக்கிட்ட அரிச்சுட்டுப் போயிருக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துக்குள்ள பாய்ஞ்சுது. 140 பேருக்கு மேல செத்தாங்க. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேத்துக்கிட்டு ராஜினாமா பண்ணினார். அந்த ராஜினாமாவைப் பத்தி இன்னிக்கும் மேடை மேடையா பேசறோம். பேசட்டும், அது பெரிய விஷயம்தான். அன்னிக்கு உச்சியில இருந்தவர் போனார், இப்ப நைட் ஷிஃப்ட் பையன் போறான். ஆனா ஒண்ணு. ராஜினாமா பாலம் போனப்புறம் வர்றது. பாலம் போச்சுங்கிற சேதி, ரயில் வந்து சேர்றதுக்கு முன்னாடி ஓட்டுநர் கண்ணுல எப்படிப் படும்? மேடையில இதை யாரும் பேசறதில்லை.

இதுக்கான பதில் ரயில்வே விதிகள்லயே இருக்கு. மழைக்கால ரோந்துன்னு பேரு. தண்டவாளத்துல நடந்து போற ரோந்துத் தொழிலாளி கையில விளக்கும், தண்டவாளத்து மேல வைக்கிற எச்சரிக்கை வெடியும் இருக்கும். பாதை சரியில்லைன்னு கண்டா அவரே ரயிலை நிறுத்தலாம். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது இன்னொண்ணு. ரோந்து ஆள் குறிச்ச நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்து சேரலைன்னா, 'பிரச்சினை எதுவும் இல்ல போல'ன்னு ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா இருக்கக்கூடாது. ரயிலை நிறுத்தி, எச்சரிக்கை உத்தரவு குடுத்து, மெதுவா ஓட்டச் சொல்லித்தான் அனுப்பணும். அதாவது, சேதி வரலைங்கிறதே ஒரு சேதி!

கம்ப்யூட்டர் ஒலகம் இதை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டுது. 2003 ஆகஸ்ட் 14 அன்னிக்கு அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்து ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் கம்பெனியோட கன்ட்ரோல் ரூம்ல அலாரம் சாஃப்ட்வேர் சத்தமில்லாம செத்துப் போச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல அது யாருக்கும் தெரியலை. மணி அடிக்கலை, அதனால எல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. சாயங்காலம் அமெரிக்கா, கனடா ரெண்டுலயும் சேர்த்து சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் இல்ல.

2013-ல டார்கெட் கடைகள்ல நடந்தது அதுக்கு நேர் எதிர். அங்க மணி நல்லாவே அடிச்சுது. நவம்பர் 30-ம் தேதி வைரஸைக் கண்டுபிடிச்சு கருவி அலெர்ட் குடுத்துச்சு. பெங்களூர்ல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்த நம்மாளுங்க அதை அமெரிக்கத் தலைமையகத்துக்கும் சொல்லிட்டாங்க. அங்க யாரும் அசையலை. சுமார் 4 கோடி கார்டு விவரம் திருடு போச்சு. பெங்களூர்க்காரங்க பார்த்தாங்க, சொன்னாங்க. ஆனா சிவப்பு விளக்கு அவங்க கையில இல்ல.

"அதான் இப்ப ஏ.ஐ. வந்தாச்சே, அதுவே பார்த்துக்கும்"னு ஒரு கோஷ்டி கெளம்பியிருக்கு. முந்நூறு அலெர்ட்டை மூணா சுருக்கித் தரும், ஒத்துக்கறேன். நல்ல வேலைதான். அந்த மூணுக்கும் யாரு எந்திரிக்கிறதுங்கிறதை எந்த மென்பொருளும் தீர்மானிக்காது. அது பட்ஜெட்டும் அதிகாரமும் வச்சிருக்கறவங்க எடுக்க வேண்டிய முடிவு. அதை எடுக்காம தப்பிக்கத்தான் வருசா வருசம் புது டூல் வாங்கறாங்க.

நான் கேக்கறது நாலே நாலு:

1. ஒவ்வொரு அலெர்ட்டுக்கும் ஒரு பேரு. குரூப் இல்ல, ஆள்.

2. அந்த ஆள் இத்தனை நிமிசத்துல 'பார்த்துட்டேன்'னு சொல்லலைன்னா, அவருக்கு மேல இருக்கறவர் ஃபோன் அடிக்கணும். அடிச்சதுக்காக யாரும் திட்டக்கூடாது.

3. வந்தா செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்லாத அலெர்ட்டை அழிச்சுடுங்க. அது அலெர்ட் இல்ல, கொசு.

4. கண்காணிக்கிற சர்வரையே இன்னொண்ணு கண்காணிக்கணும். அது அமைதியாயிட்டா, அதுதான் பெரிய மணி.

இது எதுக்கும் கோடி ரூபா வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும், அதுல தன் பேரை எழுதற தைரியம் உள்ள மேனேஜரும் போதும்.

மக்களே, உங்க ஆபீஸ்ல இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிச்சா, எந்திரிக்க வேண்டியவர் பேரு என்ன? யோசிக்காம சொல்ல முடிஞ்சா நீங்க குடுத்து வச்சவங்க. முடியலைன்னா, அடுத்த தடவை ஒரு கான்ட்ராக்ட் பையனை வீட்டுக்கு அனுப்பும்போதாவது, அந்தத் தாள்ல யாரு பேரு இருந்திருக்கணும்னு எந்திரிச்சு நின்னு கேளுங்க.

டிஸ்கி: அரியலூர் பெரம்பலூர்லேர்ந்து மறுபடி பிரிஞ்சு தனி மாவட்டமானது 2007-ல. தேதி? நவம்பர் 23. வருசா வருசம் மாவட்டத்துக்கு வாழ்த்து சொல்றவங்க, மருதையாத்தையும் ஒரு நிமிசம் நெனச்சுக்கலாம். தப்பில்லை.