உரிமத்தின் பின்பக்கம்

அணு உலைகளைப் பற்றி இலக்கிய வாசகர்கள் பேசலாமா என்று சென்ற வாரம் நண்பர் ஒருவரோடு நள்ளிரவு வரை தொலைபேசியில் சண்டை. அவர் பொறியாளர், தேர்ந்த வாசகரும்கூட. "ஓர் ஊரில் உலை வேண்டுமா வேண்டாமா என்பது அரசியல். அதில் எல்லோரும் பேசுங்கள். ஆனால் கொடுத்த உரிமத்தில் எந்த நிபந்தனையை மாற்றுவது, எந்தக் கெடுவை நீட்டுவது என்பதெல்லாம் நிபுணர் குழு பார்க்க வேண்டிய கணக்கு. அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்றார். பதில் இருந்தால் எழுதுங்கள் என்று சவாலும் விட்டார். எழுதுகிறேன்.

நான் ஆம்பூர்க்காரன். எங்களுக்கு வேலை இருப்பதே அங்கேதான்.

தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை என்றொரு தாளைத் தருகிறது. முன்பக்கத்தில் ஆலையின் பெயர், முகவரி, முத்திரை, கையொப்பம். அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிவைப்பவர்களும் உண்டு. விஷயம் இருப்பதோ பின்னால் வரும் பக்கங்களில். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தோல் பதனிடலாம், எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் வெளியேறலாம், அந்த நீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வரை போகலாம் (2100 என்பது அளவு), எந்தத் தேதிக்குள் எந்தக் கருவியை நிறுவ வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். ஆலை வைக்க அனுமதி கொடுத்த அன்றே பாலாறு செத்துவிடவில்லை. நிபந்தனை ஒன்று தளரும், கெடு ஒன்று தள்ளிப்போகும், காலாவதியான இசைவாணையோடு ஆலை ஓராண்டு ஓடும், பிறகு அந்த ஓராண்டே முன்னுதாரணமாகும். எங்கள் கிணறுகள் இப்படிச் சிறுகச் சிறுகத்தான் உப்பாயின.

தோலை இழித்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பள்ளிக் கட்டணம் தோலிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இன்றும் அடுப்பெரிவது காலணித் தொழிற்சாலைகளின் சம்பளத்தில்தான்.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது அந்தத் தீர்ப்புதான். சட்டக் கல்லூரிகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அதை முழுதாக வாசித்தால் வேறொன்று கண்ணில் படும். சுத்திகரிப்பு நிலையம் அமையுங்கள் என்று மாநில அரசும் வாரியமும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆலைகளிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. கேட்டார்கள், கெடு தந்தார்கள், மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் நீதிமன்றமே 1996 நவம்பர் 30 என்று இன்னொரு கெடு தர வேண்டியதாயிற்று. கெடுக்களின் வரலாறாகவும் அந்தத் தீர்ப்பை வாசிக்க முடியும்.

பின்னர் அமைந்த ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2001இல் முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்தம் செய்வதற்கென்று கட்டிய இடம் அது. அதற்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு இதே வேலூர் விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பெழுதியது. இழப்பீடு கொடுத்ததோடு கடன் தீராது, நிலத்தையும் நீரையும் மீட்கும் வரை பொறுப்பு தொடரும் என்றது.

இதற்கும் அணு உலைக்கும் என்ன தொடர்பு என்று நண்பர் கேட்பார். முதல் தொடர்பு, பாலாறே. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று வந்து, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களைக் கடந்து அது கடலைத் தொடும் இடம் கல்பாக்கத்துக்கு அருகே வயலூர். உலையைக் குளிர்விப்பது கடல்நீர். ஆனால் அந்த அணுசக்தி வளாகம் நன்னீரை எடுத்துவந்தது பாலாற்றுப் படுகையிலிருந்து. எங்கள் இசைவாணைகளின் பின்பக்கத்துக்கு மறுமுனையில் ஓர் அணு உலை இருக்கிறது.

இரண்டாவது தொடர்பு, தீர்ப்பு. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எங்கள் ஊர் வழக்கு மேற்கோளாக நிற்கிறது. பாலாற்றங்கரையில் நாங்கள் இழந்ததிலிருந்து பிறந்த முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நெல்லைக் கடற்கரையில் சோதிக்கப்பட்டது. சோதனையில் அது தேறவில்லை என்பதே என் கருத்து.

ஏனென்று சொல்கிறேன். கூடங்குளத்தின் முதல் இரு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 1989இல். அப்போதைய திட்டப்படி நன்னீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும். எரிந்து முடிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போகும். அந்த நாடே பிறகு இல்லாமல் போனது. பின்னர் இரண்டும் மாறின. நன்னீருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்றானது. எரிந்த எரிபொருள் இந்தியாவிலேயே தங்கும் என்றானது. பல்லாயிரம் ஆண்டு கதிர்வீச்சு விடும் பொருள் ஊரைவிட்டுப் போகும் என்பதும் ஊரிலேயே இருக்கும் என்பதும் நிபுணர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளக்கூடிய அடிக்குறிப்பு வேறுபாடுகளா? இடிந்தகரைக்காரருக்கு அவை இரண்டு வெவ்வேறு திட்டங்கள். ஆனால் தாள் பழைய தாளாகவே இருந்தது. அந்த இரு உலைகளுக்கும் பொது விசாரணை நடக்கவில்லை. புதிய அனுமதி தேவை என்ற வாதத்தை நீதிமன்றமும் ஏற்கவில்லை.

ஏற்காத நீதிமன்றம் 15 கட்டளைகளை விதித்தது. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கத் தனிக் கிடங்கு ஒன்றை 5 ஆண்டுக்குள் அமைக்க வேண்டும் என்றும் வழக்கில் உறுதியானது. 2018இல் 5 ஆண்டு முடிந்தது, கிடங்கு இல்லை. அணுமின் கழகம் அவகாசம் கேட்டது. 2022 வரை கிடைத்தது. கிடங்குக்கான பொது விசாரணை 2019 ஜூலை 10 என்று அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. இதை வாசிக்கும் எந்த ஆம்பூர்க்காரனுக்கும் ஏற்கனவே பார்த்த படத்தை மறுபடி பார்ப்பது போலிருக்கும்.

கல்பாக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. அது நல்ல கதை, ஆகவே சொல்லியாக வேண்டும். சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளிலும் எண்பதுகளின் இறுதியில் கனநீரை உள்ளே செலுத்தும் பகுதி சேதமடைந்தது. 235 மெகாவாட்டுக்குக் கட்டிய உலைகள் 170 மெகாவாட்டில் மட்டுமே இயக்கப்பட்டன. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் உலைக் குழாய்களையே மாற்றிச் சீரமைத்த பிறகுதான் திறன் 220க்கு உயர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நீர் இறைக்கும் கட்டடத்துக்குள் புகுந்தபோதும் இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அவர்கள் திறமைசாலிகள். அதில் எனக்கு ஐயமே இல்லை. என் கேள்வி, 170 ஏன் ஆனது, 220 எந்தச் சோதனையின் பேரில் ஆனது என்பதை அந்த எண் மாறிய காலத்தில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஒருவர் எங்கே போய்த் தமிழில் வாசித்திருக்க முடியும் என்பதே. நல்ல முடிவைக்கூட மறைவாக எடுப்பவரின் மோசமான முடிவை நாம் எப்படிக் கண்டுகொள்வது?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் ஓர் அரசாணையால் உருவானது. அது பதில் சொல்ல வேண்டிய அணுசக்தி ஆணையத்தின் தலைவர், உலைகளை நடத்தும் துறையின் செயலாளரும்கூட. 2012இல் தலைமைக் கணக்காயர் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சாடினார். விதிமீறலுக்கான உச்சபட்ச அபராதம் 500 ரூபாய் என்ற செய்தி அந்த அறிக்கையால்தான் ஊருக்குத் தெரிந்தது. நாட்டின் எக்ஸ்ரே மையங்களில் 91 விழுக்காடு வாரியத்தில் பதிவே செய்யவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. வேலூர் மருத்துவமனைகளின் ஊர். கதிர்வீச்சு எங்களுக்கு அப்படியொன்றும் தொலைதூரச் சமாச்சாரமல்ல.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தை நீக்கி, வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறது. நல்லது. ஆனால் எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 1982இல் பிறந்த நாள் முதலே சட்டத் தகுதி இருந்தது. அது பாலாற்றை என்ன செய்ய முடிந்தது? தவிர, அதே சட்டம் உலைத் தொழிலில் தனியாருக்கும் கதவைத் திறக்கிறது. இதுவரை தேச ரகசியம் என்று மூடிய தாளை இனி வணிக ரகசியம் என்றும் மூடலாம்.

நிபுணர்கள் மட்டும் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஜப்பான் கொடுத்த விலை தெரிந்ததே. 40 ஆண்டு நிறைவடையவிருந்த ஃபுகுஷிமாவின் முதல் உலையை மேலும் 10 ஆண்டு இயக்கலாம் என்று நிபுணர்கள் ஆராய்ந்து ஒப்புதல் கொடுத்தது 2011 பிப்ரவரியில். மார்ச் 11 அன்று கடல் வந்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2012இல் அதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. அரசும் கண்காணிப்பாளரும் நிறுவனமும் கைகோத்துக்கொண்டதைக் காரணமாகச் சொன்னது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உரிமத்தில் ஒரு நிபந்தனையை மாற்றுவதற்கு முன்பே பழைய வாசகம், புதிய வாசகம், காரணம் ஆகிய மூன்றையும் தமிழில் வெளியிடுங்கள். கருத்துச் சொல்ல ஒரு மாதம் கொடுங்கள். அமெரிக்காவில் உரிமத் திருத்தம் கோரும் விண்ணப்பங்களை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாளும் விசாரணை கோர 60 நாளும் தருகிறார்கள். அங்கும் விசாரணைக்கு முன்பே திருத்தத்தை அனுமதிக்கும் சந்துபொந்துகள் உண்டு. அந்நாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் தாள் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தரச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் 2012இல் ஆணையிட்டபோது, அணுமின் கழகம் அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தந்தாலும் மக்களுக்குப் புரியாது என்பது நண்பரின் கடைசி அஸ்திரம். மாதனூர்ப் பக்கம் என் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தென்னை இருந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், ஆங்கிலம் அறவே தெரியாது. ஆனால் டி.டி.எஸ். என்ற சொல் தெரியும், 2100 என்ற எண் தெரியும். ஆண்டுதோறும் கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்து, அந்தச் சீட்டுகளை ரேஷன் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். எண் ஏற ஏற மட்டைகள் காய்ந்ததையும் சீட்டின் பின்னால் எழுதிவைத்திருந்தார். அவரிடம் இல்லாதது ஒரே ஒரு தாள். மேட்டிலிருந்த ஆலை ஒன்றின் வாசலில் மூன்று முறை போய் நின்று, உங்கள் இசைவாணையின் நிபந்தனைப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை உள்ளேயிருந்து ஒருவர் வந்து மரியாதையாகத்தான் கேட்டாராம்: "ஐயா, அதில் உங்களுக்கு என்ன வேலை?"