பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றுமுன்

பாடசாலை மாணவர் போதைப்பொருளுடன் பிடிபட்டனர் என்னும் செய்தி வடமாகாணத்தில் இன்று எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை. படிக்கிறோம், காலம் கெட்டுவிட்டதென்று பெருமூச்சு விடுகிறோம், பக்கத்தைத் திருப்புகிறோம். மறுநாள் அந்தப் பையன் பாடசாலைக்கு வருவதில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதிபர் பாடசாலையின் நற்பெயரைக் காத்துவிட்டார். பெற்றோர் மானம் போயிற்றென்று படலையைச் சாத்திக்கொண்டனர். பையனோ பகல் முழுவதும் செய்வதற்கொன்றுமின்றி, அதை முதன்முதலில் தனக்குக் கொடுத்தவனுடைய கூட்டத்திலேயே போய் அமர்கிறான். இதற்குத்தான் ஒழுக்க நடவடிக்கை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

சட்டம் இல்லாமையால் வந்த வினையன்று இது. ஹெரோயின் கடத்துவோருக்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க 1984ஆம் ஆண்டிலேயே வழி செய்யப்பட்டது. 2022இல் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளும் அச்சட்டத்துள் கொண்டுவரப்பட்டது. 2023 டிசம்பரில் நாடெங்கும் பெரும் பொலிஸ் வேட்டை தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டனர். எனினும் பாக்குநீரிணையைக் கடந்து கேரளக் கஞ்சா வருவது நின்றதா? போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகியும் படைமுகாம்கள் நிறைந்திருக்கும் மண்ணில் இத்தனை சரக்கு எவ்வாறு கரையேறுகிறது என்று மக்கள் கேட்பது நியாயமே. விடை கூறும் கடமை அரசாங்கத்துடையது. அக்கேள்வியை நாம் கைவிடப்போவதில்லை. ஆனால், கரையேறிய சரக்கை வாங்க நீளும் கை ஏன் எமது வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கிறது என்ற கேள்விக்குக் கொழும்பு விடை சொல்லாது. அதை நாமே எம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போதை என்பது பொருளின் ஆற்றல் மட்டுமே என்று நினைப்போர் வியட்நாம் போரை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே சென்ற அமெரிக்கப் படைவீரருள் ஏறக்குறைய ஐந்திலொருவர் தாம் ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமைப்பட்டிருந்ததாகக் கூறினர். 1971இல் நாடு திரும்பியவரை லீ ரொபின்ஸ் என்னும் அறிஞர் தேடிப்பிடித்து ஆராய்ந்தார். அடிமைப்பட்டிருந்தோருள் மிகப் பெரும்பாலோர், திரும்பிய முதலாண்டில் அவ்வடிமைத்தனத்துக்கு மீளவில்லை என்று அவர் கண்டார். வீடு, வேலை, பழைய அயல், வேறு தோழர் என்று சுற்றம் மாறியது, பழக்கமும் உதிர்ந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. நோயாக முற்றியவருக்கு மருத்துவம் வேண்டும். ஆயினும் சுற்றத்தின் வலிமை எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அப்படியாயின் எமது பிள்ளையின் சுற்றம் யாது? அவன் கை முதலில் தொட்டது ஐஸும் அன்று, ஹெரோயினும் அன்று. ஒழுங்கை முனைக் கடையில் ஒன்றிரண்டாக விற்கப்படும் சிகரெட்டு. அல்லது மாவா பாக்கு. அல்லது வைத்தியர் எழுதிய துண்டு கேளாமல் மருந்துக்கடையில் நீட்டப்படும் மாத்திரை. இருபத்தொரு வயது நிரம்பாதோருக்குப் புகையிலையோ மதுவோ விற்றலாகாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆனால், "தம்பி, ஓடிப்போய் ஒரு பெட்டி வாங்கி வா" என்று பத்து வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தகப்பனுக்கு அந்தச் சட்டம் தெரியுமா? கலியாண வீட்டின் பின்வளவில் சாராயப் போத்தல் உடைபடுகிறது. மரண வீட்டிலும் உடைபடுகிறது. போத்தலைச் சுற்றியிருப்போர் ஊரில் மதிப்புடையவர்கள். வளர்ந்துவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளமென்று பிள்ளை கண்ணால் கற்கிறான். வாயால் நாம் சொல்லும் புத்திமதி அவன் காதில் ஏறுமா?

கமக்காரரான எமது வாசகர் மனம் நோகக்கூடும்; இருந்தும் ஒன்றைச் சொல்லாது விடுவதற்கில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலை விளைந்த பணத்தால் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். திருவிதாங்கூர் வரை போன சரக்கு அது. 2020உடன் புகையிலைச் செய்கையை ஒழிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. மாற்றுப் பயிருக்கு நிச்சயமான விலை காட்டாமல் கமக்காரனைக் குறை கூற நாம் துணியோம். ஆயினும் காயவிட்ட புகையிலையின் நடுவே வளரும் பிள்ளைக்கு அதன் கேட்டை எடுத்துச் சொல்லும் பொறுப்பு, வேறெவரினும் அதை விளைவிப்பவருக்கு உண்டு.

2009இன் பின் பிறந்த பிள்ளைகள் இன்று பதினாறு வயதினர். அவர்கள் குண்டுச் சத்தத்தைக் கேட்டதில்லை, கேட்டவர்களால் வளர்க்கப்பட்டார்கள். தகப்பனை இழந்த வீடு, காணாமற்போன மகனின் படத்துக்கு முன்னால் பேசாதிருக்கும் தாய், குடியிலே துயரை அமிழ்த்தும் சிற்றப்பன், இவை அவர்கள் கண்ட உலகம். தனிமனிதருக்கன்றிச் சமூகம் முழுவதற்குமே நேர்ந்த உளக்காயத்தைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறார். நாம் அதனைப் பாராட்டினோம்; பின்னர் மறந்தோம். இன்னொரு பக்கத்தில், வெளிநாட்டிலுள்ள மாமன் அன்பினால் அனுப்பும் பணம் மோட்டார் சைக்கிளாகவும் கைபேசியாகவும் மாறுகிறது. கேட்க வேண்டியவர் கடல் கடந்திருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு விடியற்காலை தொட்டு இரவு வரை தனியார் கல்வி நிலையம். சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளைக்கு மதகடி. இரண்டுக்கும் நடுவே விளையாட்டு மைதானம் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று?

பனியின் பெயர் கொண்ட பொருளால் நாம் வருந்துகையில், பனியின் பெயர் கொண்ட நாடொன்று வழிகாட்டி நிற்பது விந்தையே. ஐஸ்லாந்தில் 1998இல் பதினைந்து, பதினாறு வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்தில் குடித்து வெறித்திருந்தனர். 2016இல் அது 5 ஆகக் குறைந்தது. கஞ்சா தொட்டோர் 17இலிருந்து 7 ஆயினர். அவர்கள் பிள்ளைகளை வெறுமனே பயமுறுத்தவில்லை. ஆண்டுதோறும் மாணவரிடமே விபரம் கேட்டு, அதை அந்தந்தப் பாடசாலைக்கும் ஊருக்கும் உடனே தெரிவித்தனர். விளையாட்டு, சங்கீதம், கலை ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கினர். பெற்றோர் ஒன்றுகூடி, இன்ன நேரத்துக்குப்பின் எங்கள் பிள்ளைகள் வீதியில் நிற்கமாட்டார்கள் என்று தமக்குள் உடன்பட்டனர். அது செல்வ நாடென்பது உண்மை. ஆனால் பெற்றோர் கூடிப் பேசுவதற்குச் செல்வம் வேண்டியதில்லையே!

எமக்கும் இது முற்றிலும் புதியதன்று. பிரித்தானியர் காலத்தில் ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் விதி இந்நாட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்திலும் அவ்வாறு மூடினர். மரமேறிப் பிழைத்தோரின் வயிற்றைப் பற்றி அன்று போதிய அளவு சிந்திக்கவில்லை என்ற குறையுண்டு. எனினும் ஊர் தானே கூடித் தீர்மானிக்க முடியும் என்பதை அது காட்டிற்று.

நோயுற்ற பிள்ளையை எங்கே அனுப்புவது? பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் வேலி உடைத்து ஓடியதை நாடறியும். பதினைந்து வயதுப் பையனுக்கு அத்தகைய முகாம் மருந்தாகாது. தாய் வந்து பார்க்கக்கூடிய தூரத்தில், தமிழில் பேசும் வைத்தியரிடம், ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலேயே அவனுக்கு இடம் வேண்டும். அதற்கு ஆளும் பணமும் பெற்றுத்தருமாறு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கேட்க வேண்டும்.

2025 மே மாதத்தில் மக்கள் வாக்களித்துப் பிரதேச சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்தனர். மதிற்சுவரில் பெயர் எழுதி வாக்குக் கேட்ட அவர்களிடம் நாம் கேட்பது சிறிது. இவ்வாண்டில் தத்தம் வட்டாரத்துப் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்ட, அல்லது தாமாகவே நின்றுவிட்ட மாணவர் எத்தனை பேர் என்பதைக் கோட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டறிந்து, அடுத்த சபைக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையை முன்வைக்கட்டும். அதிபரும் பெற்றோரும் சனசமூக நிலையத்தாரும் ஒரு மேசையில் அமர்ந்து, அப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் அடுத்த தவணையில் எந்த வகுப்பில், அல்லது எந்தத் தொழிற்பயிற்சியில் அமர்வார்கள் என்று முடிவு செய்யட்டும்.