பட்டறைப் பக்கம்: கியர் மாற்றும் நேரம்



1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. 2005இல் மைவி வந்தது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டுமே சாய்ந்து நின்ற லயத்து வாசல்களில் கார்களும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தோட்டத்தில் பிறந்து, இன்று மலாக்கா பட்டணத்திலோ ஆயர் குரோவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு முதல் சொத்தே கைமாறி வந்த ஒரு சின்னக் கார்தான்.

கார் வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. "உன் வண்டி வேகமா, என் வண்டி வேகமா?" என்பதே அந்தக் கேள்வி. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடி, எது முந்துகிறது என்று பார்ப்பதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். 402 மீட்டர் என்பது கால் மைல். மாற்றம் எதுவும் செய்யாத சின்னக் கார் ஒன்று இதை ஓடி முடிக்கப் பதினெட்டு நொடிக்கு முன்பின் ஆகும்.

இந்தப் பதினெட்டு நொடியில் ஓட்டுகிறவர் கையில் இருப்பது என்ன? எஞ்சின் தொழிற்சாலையில் செய்தது. டயர் கடையில் வாங்கியது. ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது கிளம்பும் விதமும் கியர் மாற்றும் நேரமும்தான். அந்த இரண்டாவது விஷயத்தை இந்த மாதம் பார்ப்போம். பெற்றோர்களே, இது பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கும் இதில் செய்தி உண்டு.

கியர் மாற்றுவதைப் பற்றி நம் இளைஞர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "முறுக்கு விசை எங்கே உச்சமோ அங்கே மாற்று" என்பது ஒரு கட்சி. "ஊசி சிவப்புக் கோட்டைத் தொடும்வரை மிதி" என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே முழு உண்மை அல்ல.

பழைய தோட்டத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வாளி நிறையப் பாலை ஏந்தி, காண்டாவைத் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடந்தவர்கள் எப்போது தோள் மாற்றினார்கள்? தோள் லேசாக வலித்த உடனே மாற்றவில்லை. கீழே விழப் போகும்வரையும் காத்திருக்கவில்லை. இந்தத் தோளைவிட அந்தத் தோள் நன்றாகத் தாங்கும் என்ற நிலை வந்தபோது மாற்றினார்கள். கியரும் அப்படித்தான். இருக்கும் கியரின் இழுவை குறைந்துகொண்டே வரும். அது குறைந்தாலும், அடுத்த கியர் தரப்போகும் இழுவையைவிட அதிகமாக இருக்கிறவரை மாற்றாதீர்கள். இரண்டும் சமமாகும் இடமே மாற்ற வேண்டிய இடம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போமா? 2005இல் வந்த 1.3 லிட்டர் மைவியின் எஞ்சின் 6,000 சுற்றில் 87 குதிரைச் சக்தி தரும். அதன் முறுக்கு விசை 3,200 சுற்றில் உச்சத்தைத் தொடும். அளவு 116 நியூட்டன் மீட்டர். முதல் கட்சி சொல்வதைக் கேட்டால் 3,200இலேயே கியர் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் எஞ்சினின் சக்தியில் கணிசமான பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவோம்.

ஏன் என்கிறீர்களா? சக்கரத்துக்குப் போய்ச் சேருவது எஞ்சினின் முறுக்கு விசை மட்டும் அல்ல. அதைக் கியர் விகிதத்தால் பெருக்கி வருவதே சக்கரத்தில் கிடைக்கும் இழுவை. ஐந்து கியர் சின்னக் கார்களில் வழக்கமாகக் காணும் விகிதங்களை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 3.18, இரண்டாவது 1.84, மூன்றாவது 1.25, நான்காவது 0.92.

முதல் கியரில் 6,500 சுற்றுக்குப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முறுக்கு விசை 90ஆகக் குறைந்துவிட்டது. 90ஐ 3.18ஆல் பெருக்கினால் 286. இப்போது இரண்டாவது கியரைப் போட்டால் எஞ்சின் சுமார் 3,760 சுற்றுக்கு இறங்கும். அங்கே முறுக்கு விசை 115 என்றாலும், 1.84ஆல் பெருக்கினால் 212தான். பார்த்தீர்களா! தளர்ந்துபோன முதல் கியரே இன்னும் பலசாலியாக இருக்கிறது. ஆகவே முதல் கியரை எஞ்சின் அனுமதிக்கும் எல்லைவரை கொண்டுபோகலாம்.

மூன்றிலிருந்து நான்குக்கு வாருங்கள். 6,500இல் 90ஐ 1.25ஆல் பெருக்கினால் 112. நான்காவது கியரில் எஞ்சின் சுமார் 4,780 சுற்றுக்கு இறங்கும். அங்கே 112ஐ 0.92ஆல் பெருக்கினால் 103. வித்தியாசம் எவ்வளவு சுருங்கிவிட்டது! இன்னும் இருநூறு முந்நூறு சுற்று போனால் இரண்டும் சமமாகிவிடும்.

முறுக்கு விசை எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும். ஆனால் விதி மாறாது. குதிரைச் சக்தியின் உச்சத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் போய்த்தான் மாற்ற வேண்டும். கீழ்க் கியர்களில் அதிகம் தாண்டலாம். மேல் கியர்களில் கொஞ்சமாகத் தாண்ட வேண்டும். சிவப்புக் கோட்டுக் கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன.

ஊசி எப்போதும் எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். முதல் கியரில் சுற்று மிக விரைவாக ஏறுவதால், ஊசி 6,500ஐக் காட்டும்போது எஞ்சின் அதைத் தாண்டியிருக்கும். கைக்கும் காலுக்கும் நேரம் தேவை. ஆகையால் நீங்கள் நினைத்த இடத்துக்கு இருநூறு முந்நூறு சுற்றுக்கு முன்பே கையை அசைத்துவிட வேண்டும். எல்லையில் முட்டினால் எஞ்சின் தானே எரிபொருளை நிறுத்திக்கொள்ளும். வண்டி விக்கி விக்கி ஓடும். அங்கே போகும் நேரம் திரும்பி வராது.

ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கிட்டத்தட்ட அரை நொடி வண்டி இழுவையில்லாமல் உருளுகிறது. முடிவுக் கோடு கண்ணெதிரே இருக்கும்போது, எஞ்சின் எல்லையில் முட்டாதவரை, புதிதாக ஒரு கியர் போடாதீர்கள். இருப்பதிலேயே ஓடி முடியுங்கள்.

சுற்றுமானி இல்லாத வண்டியானால் வேகமானியைப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் தளர்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டு மாற்றுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் சத்தத்துக்கு ஏமாறுகிறவர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தில் தப்பான கியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் 6,500 சுற்றில் ஓடும் வண்டிக்கு, நான்குக்குப் பதில் இரண்டாவது விழுந்து கிளட்சையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? சக்கரமே எஞ்சினைப் பிடித்துச் சுற்றும். கணக்குப்படி சுமார் 9,500 சுற்று! எரிபொருளை நிறுத்தும் ஏற்பாடு இங்கே காப்பாற்றாது. வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஒரு நொடித் தவறு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கணக்கு எழுதிவிடும். கியர் குமிழை முறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் மெல்லத் தள்ளுங்கள். நடுவுக்கு வருவதை அதிலுள்ள ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும்.

சரி, உங்கள் வண்டிக்கு எது சரியான இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பந்தயத் திடலில் ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் ஒரு சீட்டுத் தருவார்கள். விளக்குக்கு நீங்கள் காட்டிய சுறுசுறுப்பு, முதல் 60 அடிக்கு ஆன நேரம், மொத்த நேரம், கோட்டைத் தாண்டிய வேகம் எல்லாம் அதில் இருக்கும். 6,000இல் மாற்றி மூன்று ஓட்டம், 6,300இல் மூன்று, 6,500இல் மூன்று என்று ஓடிப் பாருங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். முதல் 60 அடி நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் சீட்டுகளை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கிளம்புவதில் கிடைத்த லாபத்தைக் கியர் மாற்றியதில் கிடைத்ததாக எண்ணி ஏமாறக் கூடாது அல்லவா? சீட்டு சொல்வதே தீர்ப்பு. நண்பன் சொல்வது தீர்ப்பல்ல.

இங்கேதான் பெற்றோர்களுக்கான செய்தி வருகிறது. நான் சொன்ன சீட்டு பொதுச் சாலையில் கிடைக்காது. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் வண்டியைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை. எதிரே வரும் லாரியைப் பற்றியும் தெரியாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 33 மீட்டர் ஓடிவிடுகிறோம். கண் பார்த்து, கால் மிதித்து, வண்டி நிற்பதற்குள் ஏறக்குறைய நூறு மீட்டர் போயிருக்கும். இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு தகப்பன் அந்த நூறு மீட்டருக்குள் இருந்தால்?

இந்த விளையாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் இளைஞர்கள் தெருக்களில் ஓட்டிப் பார்த்த காலத்தில், அவர்களைத் தெருவிலிருந்து திடலுக்குக் கொண்டுவர வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பழைய விமானத் திடல்கள் பந்தயத் திடல்கள் ஆயின. நம் தமிழகத்திலும், சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்காலத்து விமானத் திடலில்தான் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. வேகத்துக்கு ஒரு வேலி போட்டார்கள்; வேகம் விளையாட்டானது.

நம் நாட்டிலும் அந்த வேலி உண்டு. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ஓட விரும்பும் பிள்ளைகள், மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் அனுமதியோடு நடக்கும் பந்தயம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் கொடுக்கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழக்கமான கார் இன்ஷூரன்ஸ், பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. திடலில் ஓடினாலும் இதே கதைதான். வங்கிக் கடன் ஒன்பது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால், எஞ்சின் போனாலும் மாதத் தவணை நிற்காது. வீட்டில் அந்தத் தவணையில் அம்மாவின் சம்பளமும் சேர்ந்திருக்கலாம். ஆகவே தம்பிமார்களே, கடன் முடிந்த வண்டியில், சொந்தக் காசில் ஓடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையிடம் "ஓட்டாதே" என்று மட்டும் சொன்னால் அவன் நம் கண்ணுக்கு மறைவாக ஓட்டுவான். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "உன் வண்டிக்கு எத்தனையில் மாற்றணும், கணக்குப் போட்டுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பெருக்கிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, எஞ்சின் போனால் வரும் செலவையும் கூட்டிப் பார்ப்பான்.

அடுத்த மாதம், கிளட்ச் தேய்ந்துவிட்டதை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். வணக்கம்.