வீட்டுப் பட்டறை: அணையாத மஞ்சள் விளக்கு

சென்ற இதழில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் முறையை எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர்கள் இருவர் ஒரே ஐயத்தைக் கேட்டுக் கடிதம் விடுத்துள்ளனர். "தாங்கள் கூறியவாறே செய்தோம். வண்டி நன்றாகவே ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ஆயினும் ஏ. பி. எஸ். என்ற எழுத்துடைய மஞ்சள் விளக்கு அணையவில்லை. அதனால் தீங்குண்டா?" என்பதே அது. உண்டு என்பதே என் விடை. இதனை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, டயர் மாற்றுவதற்காக என் வண்டியின் முன்சக்கரத்தை வீட்டிலேயே கழற்றினேன். திரும்ப மாட்டியபின் இவ்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிரேக்கு பிடிக்கிறதே, பிறகென்ன என்று வாளாவிருந்துவிட்டேன். பள்ளிக்குச் செல்லும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் மகள், "அப்பா, இந்த மஞ்சள் விளக்கு ஏன் எப்போதும் எரிகிறது?" என்று கேட்டாள். "அது ஒன்றுமில்லை அம்மா" என்றேன். நான்காம் நாள் தூறலில், முன்னே சென்ற ஆட்டோ திடுமென நின்றது. நான் கைப்பிரேக்கை இறுகப் பிடித்தேன். முன்சக்கரம் சுழல்வதை நிறுத்திற்று, வண்டி நிற்கவில்லை. இருவரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு, குழந்தைக்கு முழங்கையில் நான்கு தையல். சென்சாரின் கம்பியை அதற்குரிய கொக்கியில் திரும்பச் செருக நான் மறந்திருந்தேன் என்பதும், அது டயரில் உராய்ந்து அறுந்துபோயிருந்தது என்பதும் பின்னரே தெரிந்தன.

இக்கருவி செய்வது யாது? சக்கரத்தோடு துளைகளிட்ட வளையமொன்று சுழல்கிறது. அதனெதிரே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சென்சார் அமர்ந்து சுழற்சியை எண்ணிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை அழுத்துகையில் சக்கரம் அடியோடு நின்றுவிடும் நிலை வந்தால், பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு ஒன்று கணநேரம் தளர்த்தி மீண்டும் கூட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நிகழும். கைப்பிடியில் அப்போது ஓர் அதிர்வு தோன்றுவதைக் கண்டு அஞ்சிக் கையை விட்டுவிடலாகாது. ரயில்வே அன்பர்களுக்கு இது புதிதன்று. எல். எச். பி. பெட்டிகளின் அச்சு முனையில் பல்வளையமும் சென்சாரும் உள்ளன. சக்கரம் சறுக்கத் தொடங்கினால் பிரேக்குச் சிலிண்டரின் காற்றை வால்வு வெளியேற்றிவிடும். அங்கே சறுக்கினால் சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகும். இங்கே தேய்வது நம் முழங்கை.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வகை வண்டிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், முன்பே விற்பனையில் இருந்த வகைகளுக்கு 2019 ஏப்ரல் முதலும் நம் நாட்டில் இது கட்டாயமாயிற்று. சிலவற்றில் முன்சக்கரத்திற்கு மட்டும் உண்டு. சிலவற்றில் இரண்டிற்கும் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். சக்கரத்தைக் கழற்றுமுன் கம்பி செல்லும் வழியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்க. நான் செய்யத் தவறியது இதுவே. சென்சாரைப் பிடித்துள்ள சிறு போல்ட்டைக் கழற்றினால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பிறகு சக்கரத்தை இழுக்கவேண்டும். சக்கரத்தோடு சேர்த்து இழுத்தால் முனை நசுங்கும். கழற்றிய சக்கரத்தை வளையம் தரையில் படும்படி சாய்த்து வைக்கலாகாது. வளையம் கோணினால் எண்ணிக்கை பிசகும். அச்சின் இருபுறமும் உள்ள புஷ்கள் இடம் மாறினாலும் இடைவெளி கெடும்.

காலிப்பர் டிஸ்க்கைவிட்டு வெளியே இருக்கும்போது எவரும் பிரேக்கைத் தொடாதவாறு பார்த்துக்கொள்க. பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின் பேடுகளுக்கிடையே கனத்த அட்டை ஒன்றைச் செருகிவைப்பது நலம். புதிய பேடு போட்டால், வண்டியை நகர்த்துமுன் கைப்பிடி இறுகும்வரை பலமுறை அழுத்தவேண்டும். இதை மறந்து புறப்பட்டவர் முதல் திருப்பத்தில் பிரேக்கே இல்லாமல் செல்வார்.

பிரேக் ஆயிலை மட்டும் நான் இப்போது வீட்டில் மாற்றுவதில்லை. டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். புதிய ஆயில் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதற்கு அவ்வெல்லை 155 டிகிரியாகத் தாழ்கிறது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஆனால் மாற்றும்போது மேற்கிண்ணம் வறண்டு காற்று உட்புகுந்தால், அது ஏ. பி. எஸ். பெட்டியின் வால்வுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். சாதாரணமாகக் காற்றெடுக்கும் முறையில் அது முற்றிலும் வெளிவருவது அரிது. வால்வுகளை இயக்கும் கணினிக் கருவி பணிமனையில்தான் இருக்கும். மிச்சம் பிடிக்க எண்ணி இருமடங்கு செலவழிப்பானேன்?

விளக்கு எரிவதெல்லாம் பழுதன்று. சாவியைத் திருப்பியதும் அது எரியத்தான் வேண்டும்; வண்டி சற்று ஓடியதும் அணைந்துவிடும். எரியவே இல்லையென்றால் அதுவும் ஐயத்திற்குரியதே. நடு ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பின்சக்கரத்தைச் சுழற்றினால் பல வண்டிகளில் விளக்கு எரியும். ஒரு சக்கரம் ஓட, மற்றொன்று நிற்பதைக் கண்டு அது குழம்புவதே காரணம். சாவியை அணைத்துத் திறந்து சிறிது தூரம் ஓட்டினால் அணைந்துவிடும். அன்பர்கள் இருவரும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். பின்னும் அணையாவிடில் சென்சாரின் முனையில் படிந்த சேற்றைத் துணியால் துடைத்து, கம்பியின் வழியைச் சரிபார்க்கலாம். அதற்குமேல் பணிமனைதான். "சல்தா ஹை" என்று கையை உதறும் மெக்கானிக்கை விட்டு வேறொருவரிடம் செல்க. பியூசைப் பிடுங்கிவிட்டால் தொல்லையில்லை என்று கூறும் இளைஞர்களும் நம் குடியிருப்பில் உள்ளனர்; அவர்கள் பின்னால் நான் அமர்வதில்லை.

வேலை முடிந்தபின் முதல் ஓட்டம் தனியே, வெறிச்சோடிய சந்தில், மெதுவாக. என் மகள் இப்போது வண்டியில் ஏறியதும் விளக்கைப் பார்க்கிறாள். அணைந்தபின் "சரி அப்பா" என்கிறாள். அதன்பின்னரே நான் வேகமெடுக்கிறேன்.

அடுத்த இதழில் சங்கிலியைப் பற்றி எழுதக் கருதியுள்ளேன்.