குறிப்புகள் படத்தோடு இருக்கட்டும்

ஒளிப்படங்களை ஆண்டு, இடம், ஆள் எனப் பிரித்து அடுக்கித் தரும் மென்பொருள், அந்த அடுக்கை எங்கே எழுதி வைக்கிறது என்ற கேள்வி, அது நிறுத்தப்படும் நாளில்தான் பெரும்பாலோருக்கு எழுகிறது. கூகுள் 2004-இல் வாங்கிய பிகாசா 2016-இல் கைவிடப்பட்டது. 2005-இல் வெளிவந்த ஆப்பிளின் அபெர்ச்சர் 2015-இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இவற்றால் எவருடைய படமும் அழிந்துவிடவில்லை என்றாலும், பல ஆண்டுகள் உட்கார்ந்து சேர்த்த தொகுப்புகளையும் முகங்களுக்கு இட்ட பெயர்களையும் வேறிடத்துக்கு முழுமையாகக் கொண்டுபோவது எளிதாக இருக்கவில்லை.

படத்தைப் பற்றிய விவரங்களுக்கு மீத்தரவு என்று பெயர். எடுத்த நேரம், கேமராவின் வகை போன்றவற்றைக் கேமராவே எக்சிஃப் என்னும் பகுதியில் பதிகிறது; மனிதர் எழுதும் தலைப்பும் குறிச்சொல்லும் ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்னும் பொது வடிவங்களில் படக்கோப்புக்குள்ளேயே இடம்பெற முடியும். இடம்பெற முடியும் என்பது வேறு, இடம்பெறுகிறது என்பது வேறு. அடோபியின் லைட்ரூம் கிளாசிக் இவற்றை முதலில் தன் கேட்டலாக் என்னும் தனித் தரவுத்தளத்தில்தான் வைக்கிறது. எக்ஸ்எம்பியில் எழுதும்படி அமைப்பில் தெரிவு செய்தால் குறிச்சொற்கள் கோப்புக்குச் சென்றுவிடும், ஆனால் தொகுப்புகள் செல்லா. கூகுள் போட்டோசில் எழுதிய விளக்கங்களோ, படங்களைத் திரும்பப் பதிவிறக்கும்போது தனிக் கோப்புகளாக வந்து சேர்கின்றன.

தேதிதான் எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டுவது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படம் எக்சிஃப் விவரங்களை இழந்து வருவதால், அதைப் பெற்றவரின் மென்பொருள் பதிவிறக்கிய நாளையே எடுத்த நாளாகக் கொண்டுவிடும். ஸ்கேன் செய்த பழைய திருமணப் படத்தில் ஸ்கேன் செய்த நாளே பதியக்கூடும். அதைத் திருத்தாவிட்டால் தாத்தாவின் திருமணம் பேரனின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே போய் நிற்கும். உண்மைத் தேதி அறிந்த மூத்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதிவிட வேண்டும், ஏனெனில் இந்த ஒன்றை எந்த மென்பொருளாலும் பின்னர் மீட்டுத் தர இயலாது.

கோப்பின் பெயரை 1974-05-20 என்பதுபோல் ஆண்டில் தொடங்கி எழுதினால், எந்தக் கணினியிலும் படங்கள் கால வரிசையில் நிற்கும். புதிய மென்பொருளுக்கு மாற விரும்புவோர், முதலில் சில படங்களுக்கு மட்டும் அதில் குறிப்பெழுதி, அவற்றை டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அமைப்புகளை மாற்றிய பின்னரும் குறிப்பு அங்கே தென்படவில்லையெனில், அந்த மென்பொருளை நம்பி ஆண்டுக்கணக்கான உழைப்பை இடுவது தகாது.